எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் தம் நிலையைப் புரிந்துகொள்ளும் விதம்

நோயாளருக்கும் பராமரிப்போருக்குமான விளக்கம்

எச்.ஐ.வி. தொற்று உறுதியான ஒருவருக்கு அதைப் பற்றிய செய்திகள் இரண்டு இடங்களிலிருந்து வந்து சேர்கின்றன. நம்பிக்கை மையத்திலும் ஏ.ஆர்.டி. மையத்திலும் மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் கூறுவது ஒன்று. பல ஆண்டுகளாகச் சுவர் விளம்பரங்களில் பார்த்தது, திரைப்படங்களில் கண்டது, உறவினர் ஒருவரின் இறப்பின்போது தாழ்ந்த குரலில் பேசப்பட்டது ஆகியவை மற்றொன்று. இவ்விரண்டும் முரண்படும்போது, மருந்தை உட்கொள்வதா, யாரிடம் சொல்வது, அடுத்த முறை மையத்திற்குச் செல்வதா ஆகிய முடிவுகளைப் பல வேளைகளில் இரண்டாவதே தீர்மானிக்கிறது.

ஒருவர் தம் நோயைப் பற்றி மனத்தில் கொண்டுள்ள புரிதல், சிகிச்சையின் ஒரு பகுதியாகும். அப்புரிதல் எவ்வாறு உருவாகிறது, எந்த இடங்களில் அது உண்மையிலிருந்து விலகுகிறது, அதனைச் சரிசெய்துகொள்வது எப்படி என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

நோயைப் பற்றி மனம் கேட்கும் ஐந்து வினாக்கள்

நோயுற்றோர் தம் நோயைப் பற்றி எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஹோவர்டு லெவெந்தாலும் அவருடைய குழுவினரும் 1980 முதல் ஆராய்ந்து எழுதினர். எந்த நோயாயினும் மனம் ஐந்து வினாக்களுக்கு விடை தேடுகிறது என்பது அவர்கள் கண்டது:

1. இது என்ன நோய்?
2. இது எதனால் வந்தது?
3. இது எவ்வளவு காலம் இருக்கும்?
4. இதனால் என்ன ஆகும்?
5. இதனைக் கட்டுப்படுத்த இயலுமா?

மருத்துவர் விடை கூறுமுன்பே மனம் தானாக ஒரு விடையை அமைத்துக்கொள்கிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் அக்குழுவினர் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல சான்று. இரத்த அழுத்தம் கூடுவதை மனிதரால் உணர இயலாது என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டனர். ஆயினும் தம்மால் மட்டும் அதனை உணர முடியும் என்று அவர்களுள் பெரும்பாலோர் நம்பினர். தலைவலியோ படபடப்போ இல்லாத நாள்களில் மருந்தை விட்டவர்களும் இருந்தனர். இதே எண்ணம் எச்.ஐ.வி. தொற்றிலும் செயல்படுகிறது. எனவே மேற்கண்ட ஐந்து வினாக்களையும் ஒவ்வொன்றாகக் காண்பது பயன்தரும்.

நம்மிடையே உள்ள விடைகள் எங்கிருந்து வந்தன?

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986 ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களிடம் சேகரித்த இரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. அப்போது பயனுள்ள மருந்து ஏதும் இல்லை. ஆகவே நோய் குறித்த முதல் அறிமுகமே "உயிர்க்கொல்லி நோய்" என்ற சொல்லாலும், "ஒழுக்கம் தவறியவர்களுக்கு வருவது" என்ற எண்ணத்தாலும் அமைந்துவிட்டது.

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன்பின் விழிப்புணர்வுப் பணி விரைவு பெற்றது. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற வினா 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் பரவலாக இடம்பெற்றதை நடுத்தர வயதினர் பலர் இன்றும் நினைவில் வைத்துள்ளனர். இத்தகைய பரப்புரைகள் ஆணுறைப் பயன்பாட்டையும் பரிசோதனையையும் பற்றிப் பொதுவெளியில் பேச வைத்தன. அதே வேளையில், தொற்றுள்ளவர் என்றாலே இன்ன வகை மனிதர் என்ற உருவமும் பலர் மனத்தில் பதிந்தது.

இதற்குப் பின் நிகழ்ந்த மாற்றங்கள் அந்த அளவுக்கு மக்களைச் சென்றடையவில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அவ்வாறு தொடங்கிய முதல் மையங்களுள் ஒன்று. 2017 முதல், சிடி4 அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை தொடங்கப்படுகிறது. டோலுடெகிராவிர் சேர்ந்த, நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்ற முறை இப்போது முதன்மைச் சிகிச்சையாக உள்ளது. 1990-களில் உருவான அச்சத்தைக் கொண்டு இன்றைய சிகிச்சையை அளவிட்டால் தவறான முடிவுகளே கிடைக்கும்.

முதல் வினா: இது என்ன நோய்?

எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ். உடலின் நோய் எதிர்ப்புப் பணியை ஒருங்கிணைக்கும் சிடி4 எனப்படும் வெள்ளை அணுக்களைத் தாக்கி அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. நலமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை சிடி4 அணுக்கள் இருக்கும். அது 200-க்குக் கீழ் குறையும்போது காசநோய், மூளைக்காய்ச்சல் போன்ற சந்தர்ப்பவாத நோய்கள் எளிதில் பற்றுகின்றன. அந்த முற்றிய நிலையே எய்ட்ஸ் எனப்படுகிறது.

எனவே எச்.ஐ.வி. தொற்று வேறு, எய்ட்ஸ் வேறு. தொற்று ஏற்பட்டது முதல் எய்ட்ஸ் நிலை வரை, சிகிச்சை இல்லாதபோதும், பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. உரிய காலத்தில் மருந்து தொடங்கித் தொடர்பவர்களில் மிகப் பலர் அந்நிலையை அடைவதே இல்லை. "எனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டது" என்று எண்ணுபவர், "என் உடலில் எச்.ஐ.வி. தொற்று உள்ளது, அது மருந்தினால் அடக்கப்பட்டுள்ளது" என்று கூறப் பழகுவது வெறும் சொல் மாற்றமன்று. அவருடைய மருத்துவ நிலையைச் சரியாகக் குறிக்கும் சொற்கள் அவையே.

இரண்டாம் வினா: இது எதனால் வந்தது?

மருத்துவ விடை சுருக்கமானது. தொற்றுள்ள ஒருவருடன் பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்துகொள்ளப்பட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு (கருவில், பிறப்பின்போது அல்லது தாய்ப்பாலின் வழி) ஆகிய வழிகளில் மட்டுமே இது பரவுகிறது.

ஆனால் மனம் கேட்பது இதனை அன்று. "எனக்கு ஏன் வந்தது?" என்பதே அதன் வினா. ஊழ், முன்வினை, தெய்வக் குற்றம், கெட்ட நேரம் என்று நம் மரபில் உள்ள விடைகள் அப்போது எழுகின்றன. இவ்விடைகள் சிலருக்கு ஆறுதல் தருகின்றன. வந்ததை ஏற்றுக்கொண்டு அடுத்த நாளைப் பார்க்க அவை உதவுமாயின் அவற்றோடு வாதிட வேண்டியதில்லை. "இது தண்டனை, தண்டனையை அனுபவித்தே தீர வேண்டும்" என்ற நிலைக்கு ஒருவர் சென்று மருந்தை மறுத்தால் மட்டும் அது ஆபத்தாகிறது. ஒரு வைரஸுக்கு ஒருவருடைய நல்வினை தீவினை தெரியாது. பரவும் வழி கிடைத்தால் அது பரவும். மருந்து உடலில் இருந்தால் அது அடங்கும்.

பெண்களிடம் இவ்வினா வேறு வடிவில் எழுகிறது. தமிழ்நாட்டில் தொற்றுக்குள்ளான பெண்களுள் மிகப் பலர் கணவரைத் தவிர வேறெவருடனும் உறவு கொள்ளாதவர்கள். நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா 1995 ஆம் ஆண்டு திருமணத்தின் வழியே தமக்குத் தொற்று ஏற்பட்டதை வெளிப்படையாகப் பேசியவர். அவர் வேறு சில பெண்களுடன் இணைந்து 1998 இல் சென்னையில் தொற்றுள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு, தொற்றுள்ளோருக்கான இந்தியக் கூட்டமைப்பும் சென்னையில் உருவாகியிருந்தது. "இது என் குற்றத்தால் வந்தது" என்று தனித்தனியே எண்ணியிருந்தோர், ஒருவரையொருவர் சந்தித்தபோது அவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்ய முடிந்தது. தொற்றுள்ளோர் கூட்டமைப்புகள் மாவட்டங்களிலும் இயங்குகின்றன. ஆற்றுப்படுத்துநரிடம் கேட்டு அவற்றுடன் தொடர்பு கொள்ளலாம்.

மூன்றாம் வினா: இது எவ்வளவு காலம் இருக்கும்?

காய்ச்சல் வந்தால் மருந்து உட்கொள்கிறோம், குணமானால் நிறுத்துகிறோம். வாழ்நாள் முழுவதும் நாம் கற்றுவைத்துள்ள முறை இதுவே. எச்.ஐ.வி. தொற்றில் பெரும் இடர் விளைவிப்பதும் இம்முறையே.

சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் எடை கூடுகிறது, பசி திரும்புகிறது, பழைய வேலைக்குச் செல்ல முடிகிறது. "உடம்பு நன்றாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்ற எண்ணம் அப்போது இயல்பாக எழுகிறது. ஆனால் மருந்து அழிக்கக்கூடியது, பெருகிக்கொண்டிருக்கும் வைரஸை மட்டுமே. சிறு அளவு வைரஸ், நீண்ட நாள் வாழும் சில சிடி4 அணுக்களின் மரபுப் பொருளுக்குள் உறங்குநிலையில் தங்கிவிடுகிறது. அங்கு எம்மருந்தும் எட்டுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்குகிறது. அவ்வேளையில் உடலில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை இடையில் நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்பது முறையாக ஆராயப்பட்டுள்ளது. 2006 இல் வெளியான ஸ்மார்ட் எனப்படும் பன்னாட்டு ஆய்வில் 5,472 பேர் பங்கேற்றனர். இடைநிறுத்தம் செய்த பிரிவினரிடையே நோயும் இறப்பும் கூடுதலாக இருந்தமையால் அம்முறை கைவிடப்பட்டது. மருந்தை விட்டுவிட்டு உட்கொள்வதில் மற்றொரு தீங்கும் உண்டு. உடலில் மருந்தின் அளவு குறைந்திருக்கும் நாள்களில் வைரஸ் அம்மருந்தை எதிர்க்கும் திறன் பெறக்கூடும். பிறகு அதே மாத்திரை பயன்தராமல் போகலாம்.

ஆகவே இவ்வினாவுக்குரிய விடை: இத்தொற்று வாழ்நாள் முழுவதும் உடலில் இருக்கும், மருந்தும் வாழ்நாள் முழுவதும் தேவை. முதலில் இது சுமையாகத் தோன்றும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் கோடிக்கணக்கானோரின் நிலையும் இதுவே என்பதை எண்ணிப் பார்த்தால் அச்சுமை சற்று இலகுவாகும்.

நான்காம் வினா: இதனால் என்ன ஆகும்?

"இன்னும் எத்தனை நாள்?" என்பது தொற்று உறுதியான அன்று பலரும் கேட்பது. தொற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, சிகிச்சையைத் தவறாமல் தொடர்பவர் ஏறத்தாழ மற்றவர்களுக்கு நிகரான ஆயுளை எதிர்பார்க்கலாம். பணி, திருமணம், மகப்பேறு எதுவும் இதனால் முடிந்துவிடுவதில்லை.

மகப்பேறு: எந்த இடையீடும் இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. தாய் ஏ.ஆர்.டி. மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டு, பிறந்த குழந்தைக்கும் தடுப்பு மருந்து அளித்தால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழ் குறைகிறது. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை செய்யப்படும். பாலூட்டுதல் குறித்து ஏ.ஆர்.டி. மைய மருத்துவரின் அறிவுரைப்படி நடக்க வேண்டும்.

இல்வாழ்க்கை: சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையே நீடித்தால், உடலுறவின் வழியே இணையருக்குத் தொற்று பரவுவதில்லை. இவ்வுண்மையை நிறுவிய பெரும் ஆய்வுகளுள் ஒன்று, இணையருள் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 தம்பதியரைக் கொண்டு ஒன்பது நாடுகளில் நடைபெற்றது. அதில் சென்னையும் ஒரு களமாக இருந்தது. தொடக்கத்திலேயே சிகிச்சை அளித்தது, இணையருக்குப் பரவுவதை 96 விழுக்காடு குறைத்ததாக 2011 இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. பிற்காலத்தில் ஐரோப்பாவில் நடைபெற்ற பார்ட்னர் ஆய்வுகளில், வைரஸ் அடங்கிய இணையரிடமிருந்து ஒருவருக்கும் தொற்று பரவியதாகக் காணப்படவில்லை.

எனினும் வைரஸ் அளவு பரிசோதனையின் முடிவு தெரியும் வரை ஆணுறை இன்றியமையாதது. அதன்பின்னும் பிற பால்வினை நோய்களைத் தடுக்க அது பயன்படுகிறது. வைரஸ் அடங்கிய நிலை குறித்த இவ்வுறுதி உடலுறவுக்கு மட்டுமே உரியது. ஊசி பகிர்தலுக்கும் தாய்ப்பாலுக்கும் இதனை அப்படியே பொருத்தக் கூடாது.

ஐந்தாம் வினா: இதனைக் கட்டுப்படுத்த இயலுமா?

இயலும். கட்டுப்பாட்டில் உள்ளதா என்பதை அறிய உடல்நிலையை மட்டும் நம்பக் கூடாது. வைரஸ் அளவு பரிசோதனையே அதற்குரிய அளவுகோல். சிகிச்சை தொடங்கிய 6 மாதத்திலும், 12 மாதத்திலும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. "என் வைரஸ் அளவு எவ்வளவு?" என்று கேட்டு அறிந்துகொள்வது உங்கள் உரிமை. கண்ணுக்குத் தெரியாத நோயை ஓர் எண்ணாகக் காணும்போது, மாத்திரையின் பயன் மனத்திற்கும் புலனாகிறது.

மருந்து உட்கொள்ளும்போது கவனிக்க வேண்டியவை:

• 95 விழுக்காட்டுக்கு மேல் தவறாமல் உட்கொள்ள வேண்டும். நாளுக்கு ஒரு மாத்திரை என்றால், மாதத்தில் ஒன்றுக்கு மேல் தவறக் கூடாது என்பது இதன் பொருள்.
• ஒரு வேளை மறந்தால் நினைவு வந்தவுடன் உட்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள்.
• டோலுடெகிராவிர் மருந்தின் செயலை வயிற்றுப்புண்ணுக்கான அமில முறிவு மருந்துகளும், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் குறைக்கக்கூடும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவையும் மாற்ற நேரிடலாம். வேறு எந்த மருந்து உட்கொண்டாலும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் கூறுங்கள்.
• தூக்கமின்மை, தலைவலி, எடை கூடுதல் போன்றவை ஏற்பட்டால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரை அணுகுங்கள்.
• இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்தல் இவற்றுள் ஒன்று இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நாட்டு மருந்துகள் குறித்தும் தெளிவு வேண்டும். இலவச ஏ.ஆர்.டி. வருவதற்கு முன், தாம்பரம் மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகியவை தொற்றுள்ளோருக்கு வழங்கப்பட்டன. அக்காலத்து நினைவில் பலர் இன்றும் சித்த மருந்தை நாடுகின்றனர். உடல் வலுவுக்கெனத் தகுதியுள்ள சித்த மருத்துவரிடம் மருந்து பெற விரும்பினால், அதனை ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் தெரிவித்தபின் பெறலாம். ஏ.ஆர்.டி. மருந்துக்கு அது மாற்றாகாது. "முழுமையாகக் குணப்படுத்துகிறோம்" என்ற விளம்பரங்களை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் பணத்தோடு உடல்நலத்தையும் இழக்க நேரிடுகிறது.

விரதமும் மருந்தும்

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் வைகுண்ட ஏகாதசி நோன்பும், சமயபுரம் மாரியம்மனுக்கான விரதமும், ரமலான் நோன்பும், தவக்கால ஒறுத்தலும் பலர் வாழ்வில் இடம்பெற்றவை. நோன்பு நாளில் மாத்திரை உட்கொள்வது விரதத்தைக் கெடுக்கும் என்று எண்ணி அன்று மட்டும் விட்டுவிடுவோர் உண்டு. நாளுக்கு ஒரு மாத்திரை என்ற முறையில் இதற்கு எளிய தீர்வு உள்ளது. டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரையை உணவுடனோ உணவின்றியோ, நீர் அருந்தி உட்கொள்ளலாம். நீரும் அருந்தாத நோன்பாயின், நோன்பு தொடங்குமுன் அல்லது முடித்தபின் உட்கொள்ளும்படி நேரத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். நோன்பு தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பே இதனை ஆற்றுப்படுத்துநரிடம் பேசுங்கள்.

யாரிடம் சொல்வது? எங்கே செல்வது?

தம் நிலையை யாரிடம் சொல்வது என்பது தொற்றுள்ளவரின் முடிவு. இணையரிடம் சொல்வது மட்டும் அவரது உடல்நலத்தோடு தொடர்புடையது என்பதால் அதனைத் தள்ளிப்போடக் கூடாது. எவ்வாறு சொல்வது என்று தெரியாதபோது, இருவரையும் அமர்த்திப் பேச ஆற்றுப்படுத்துநர் உதவுவார்.

மன்னார்புரம், செங்குளம் காலனி, காஜாமலை ஆகிய பகுதிகளில் வசிப்போருக்குப் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அருகில் இருப்பதே சிலருக்குத் தயக்கமாகிறது. தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவர் என்று அஞ்சி, தஞ்சாவூர் போன்ற வேறு ஊர் மையத்திற்குச் செல்ல விரும்புவோர் உண்டு. அதற்குத் தடையில்லை. மையத்தில் கேட்டு முறையாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தொலைதூரப் பயணம், ஒரு நாள் கூலி இழப்பு, மழைக்காலம் ஆகியவை மருந்து விடுபடக் காரணமாகக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணி முடிவெடுங்கள். நிலை சீராக உள்ளவர்களுக்கு ஒரு மாதத்திற்கு மேற்பட்ட மருந்தைச் சேர்த்து வழங்கவும் வழியுண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள்.

குழந்தைகள் தம் நிலையைப் புரிந்துகொள்ளுதல்

பிறப்பிலேயே தொற்று பெற்ற குழந்தைகள், காரணம் அறியாமலே மாத்திரை உட்கொண்டு வளர்கின்றனர். "சத்து மாத்திரை" என்று கூறிவைப்பது சில காலமே பயன்படும். மற்றப் பிள்ளைகள் ஏன் உட்கொள்வதில்லை என்ற வினா பள்ளிப் பருவத்தில் எழும். அப்போது உண்மையை வயதுக்கேற்பப் படிப்படியாகக் கூற வேண்டும். "உன் உடலைக் காக்கும் காவலர்கள் இருக்கிறார்கள். ஒரு கிருமி அவர்களைத் துன்புறுத்தப் பார்க்கிறது. இந்த மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது" என்று தொடங்கலாம். நோயின் பெயரைப் பிறகு கூறலாம். பெற்றோர் கூறாமல், மருந்துப் புட்டியிலிருந்தோ பிறரிடமிருந்தோ அறிய நேரும் வளரிளம் பருவத்தினர் சினமுற்று மருந்தை மறுக்கக்கூடும்.

பராமரிப்போர் கவனத்திற்கு

தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் படுக்கை ஆகியவற்றால் எந்தத் தொற்றும் தடுக்கப்படுவதில்லை. உணவு பகிர்தல், கட்டியணைத்தல், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துதல், கொசுக்கடி, இருமல், தும்மல் ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. சவர அலகையும் ஊசியையும் மட்டும் பகிரக் கூடாது. காயத்திலிருந்து கசியும் இரத்தத்தைத் துடைக்கும்போது கையுறை அணிந்தால் போதும்.

தனித் தட்டு வைக்கப்படும் நாளில், தொற்றுள்ளவர் மேற்கண்ட ஐந்து வினாக்களுக்கும் ஒரே விடையைப் பெற்றுவிடுகிறார்: "நான் இவ்வீட்டிற்கு ஆபத்தானவன்." மருத்துவர் பல மாதங்கள் கூறிய விளக்கத்தை அந்த ஒரு தட்டு அழித்துவிடக்கூடும். எனவே சேர்ந்து உண்பதும் சிகிச்சைக்குத் துணைசெய்வதே.

"மாத்திரை போட்டாயா?" என்று நாள்தோறும் விசாரிப்பது சிலருக்கு அன்பாகவும் சிலருக்குக் கண்காணிப்பாகவும் தோன்றும். எவ்வாறு நினைவூட்டலாம் என்று அவரிடமே கேளுங்கள். உறக்கமின்மை, யாருடனும் பேசாமை, உணவில் நாட்டமின்மை, "நான் இருந்து என்ன பயன்" போன்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் தாமதியாமல் உதவி பெறுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2017 இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. பணி, கல்வி, மருத்துவச் சேவை, வாடகை வீடு ஆகியவற்றில் தொற்றைக் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதை இச்சட்டம் தடை செய்கிறது. ஒருவருடைய இசைவின்றிப் பரிசோதனை செய்வதும், அவர் நிலையைப் பிறரிடம் வெளியிடுவதும், சட்டம் குறிப்பிடும் சில சூழல்கள் தவிர, கூடாது. குடும்ப வீட்டிலிருந்து தொற்றுள்ளவரை வெளியேற்றவும் இயலாது. இச்சட்டத்தின்கீழ் வரும் முறையீடுகளை விசாரிக்கக் குறைதீர்ப்பாளரை மாநில அரசு நியமிக்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

அடுத்த முறை மையத்திற்குச் செல்லும்போது

ஒரு தாளில் ஐந்து வினாக்களையும் எழுதி, உங்கள் மனத்தில் உள்ள விடையை அவற்றின் கீழே உள்ளபடியே எழுதுங்கள். பராமரிப்பவரும் தனியே எழுதலாம். சரியான விடை எது என்று தேட வேண்டாம். நீங்கள் நம்புவதையே எழுதுங்கள். எழுதப் படிக்க இயலாதவர் வாய்மொழியாகக் கூறலாம். அதனை ஆற்றுப்படுத்துநரிடம் காட்டுங்கள். மருத்துவ உண்மையிலிருந்து விலகும் இடம் எது என்பது அப்போது இருவருக்கும் தெரியவரும். இதனை ஒரு முறை செய்து நிறுத்திவிட வேண்டியதில்லை. திருமணம், மகப்பேறு, பணி மாற்றம், முதுமை ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் விடைகள் மாறுகின்றன, வினாக்கள் அவையேதான்.

உதவிக்கு

• எச்.ஐ.வி., எய்ட்ஸ் குறித்த கட்டணமில்லாத் தேசிய உதவி எண்: 1097
• தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி எண்: 104
• மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண்: 14416
• பரிசோதனைக்கு: அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள நம்பிக்கை மையங்கள். பரிசோதனையும் ஆலோசனையும் கட்டணமின்றி, மறைவடக்கத்துடன் வழங்கப்படும்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுவான விளக்கத்திற்கானவை. சிகிச்சையைத் தொடங்குதல், மாற்றுதல், நிறுத்துதல் ஆகியவற்றை ஏ.ஆர்.டி. மைய மருத்துவரின் அறிவுரைப்படியே மேற்கொள்ள வேண்டும்.